சூடாக இருந்தபோது ஒன்பது பொருத்தம்

ஈப்போவில் கம்ப்யூட்டர் கடை நடத்தும் பையன்கள் போன மாதம் என்னைக் கூப்பிட்டு ஒரு பெட்டியைக் காட்டினார்கள். மூன்று பக்கமும் கண்ணாடி. உள்ளே ஊதாவும் பச்சையுமாக விளக்குகள் ஓடுகின்றன, இரண்டு குழாய்களில் தண்ணீர் சுற்றுகிறது. மீன் எங்கே என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. பிராசசரைக் குளிர வைக்கும் ஏற்பாடாம். வேகத்தைக்கூட அதுவே ஏற்றிக்கொள்ளுமாம், சூடு கண்டால் அதுவே இறக்கிக்கொள்ளுமாம். "அங்கிள், உங்க காலத்துல ஓவர்குளோக்கிங்லாம் இருந்துச்சா?" என்று ஒருவன் கேட்டான்.

இருந்தது. சிப்பை அதற்கென்று வைத்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது, பெயர்தான் கிடையாது. நாங்கள் "கிரிஸ்டல் மாத்துறது" என்போம். அப்படி ஒரு கிரிஸ்டலை மாற்றப்போய் என் கல்யாணமே ஆட்டம் கண்ட கதையை அந்தப் பையன்களுக்குச் சொன்னேன். பாதியில் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன். நீங்களும் போனைப் பார்ப்பீர்கள், ஆனால் எனக்குத் தெரியாது.

நான் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா, அம்மா இரண்டு பேரும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது பால் வடியப் பட்டையைக் கோடாகக் கீறுவது. எனக்கு மரம் வெட்ட வரவில்லை. கோடு கோணலாகப் போகும், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் திட்டுவார். பள்ளி முடிந்து ரேடியோ, டிவி பழுது பார்க்கும் வகுப்பில் சேர்ந்தேன். எழுபதுகள் முழுக்க ஈப்போவில் ஒரு சீனர் கடையில் டிவி பெட்டிகளின் பின்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம் என்ன படம் ஓடியது என்று கேட்டால் தெரியாது. பிறகு எண்பதுகளின் நடுவில் சிவசம்பு சார் கம்ப்யூட்டர் கடை திறந்தார், அங்கே போய்ச் சேர்ந்தேன்.

சிவசம்பு சார் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்கத் தொலைபேசி வேலையிலிருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கைக்குட்டை, நாற்காலியில் உட்காராத பழக்கம். கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் கரண்டு வயரைக் கழற்றித் தன் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வார். வயர் அவர் கழுத்தில் இருக்கும்வரை வேறு எவனும் அதைச் சொருகிவிட முடியாது என்பது கணக்கு. வாடிக்கையாளர்கள் டாக்டர் என்று நினைத்து மரியாதையாக எழுந்து நிற்பார்கள்.

அவரிடம் "கிட்டத்தட்ட" என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. சிப் சூடாக இருக்கிறது என்று சொன்னால், "எவ்வளவு சூடு, காணும்?" என்பார். கடையில் வெப்பமானி ஒன்றுதான், அதுவும் பெரும்பாலும் அவர் பையில். அதனால் விரல் முட்டியின் பின்பக்கத்தைச் சிப்பின் மேல் வைக்கச் சொல்வார். "முருகா" என்று சொல்லி முடிக்கும்வரை வைத்திருக்க முடிந்தால் பரவாயில்லை. "முரு"விலேயே கையை எடுத்தால் ஆபத்து. இத்தனைக்கும் அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஒருநாள் கேட்டேவிட்டேன். அது பக்தி இல்லை, நேர அளவு என்றார்.

நம்பிக்கை முழுவதும் அவர் வீட்டு அம்மாவிடம் இருந்தது. நாங்கள் எல்லாரும் அவரை மாமி என்போம். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில், எதற்கும் நாள் பார்ப்பது, பல்லி விழுந்தால் பஞ்சாங்கத்தைத் திறப்பது. புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் ஒரே வீட்டில் எப்படி இருந்தார்கள் என்றால், இருவருக்குமே தான் சொல்வதுதான் சரி என்பதில் சந்தேகம் இல்லை. அதனால் வாதமே வராது.

அவர்கள் மகள் கௌரி. கணக்கு டீச்சர். பள்ளி விட்டதும் கடைக்கு வந்து கடிதங்களைத் தட்டச்சு செய்து கொடுப்பாள். எனக்கு அவளைப் பிடித்தது, அவளுக்கும் என்னைப் பிடித்தது. இதற்கு மேல் எழுதினால் படித்துவிட்டு அடிப்பாள். சார் ஒத்துக்கொண்டார். "உம்முடைய சோல்டரிங்கைப் பார்த்திருக்கிறன். அவசரப்படாத ஆள்," என்றார், அவ்வளவுதான். மாமிதான் ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டத்துப் பையன் என்று நேராகச் சொல்லாமல், ஜாதகம் பொருந்தினால் பார்க்கலாம் என்றார். பொருந்தாது என்பதில் அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

இப்போது ஜோசியருக்கு வருகிறேன். கடைத்தெருவில் ஒரு மாடியில் இருந்தார். குமாரசாமி என்று பெயர். எங்களிடம்தான் முதல் கம்ப்யூட்டர் வாங்கினார். இருப்பதிலேயே மலிவான தைவான் மதர்போர்டு, அதோடு ஒட்டியே வந்த பிராசசர், பக்கத்திலேயே கணக்குக்கென்று தனியாக ஒரு சிப். அந்தக் கணக்குச் சிப் பழையது, வேறொரு மெஷினிலிருந்து கழற்றியது. கிரகம் எங்கே நிற்கிறது என்ற கணக்கை எல்லாம் அதுதான் போடும். கட்டம் அச்சாகி வர நேரமாகும். அதற்குள் வந்தவர்கள் கீழே இறங்கி மீ கோரிங் சாப்பிட்டுவிட்டு வருவார்கள், சிலர் திரும்பி வருவதே இல்லை. இந்த நேரம் பார்த்துச் சித்தியவானில் ஒரு ஜோசியர் இவரைவிட வேகமான கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார் என்று செய்தி வந்தது.

குமாரசாமி அண்ணன் கடைக்கு வந்து, புது போர்டு வேண்டாம், இருப்பதையே ஓட வையுங்கள் என்றார். சார் எச்சரித்தார். எட்டு மெகாஹெர்ட்ஸுக்கு என்று செய்த சிப்பைப் பத்தில் ஓட்டினால் சூடு ஏறும், காற்று நன்றாகப் போக வேண்டும், மூடி வைக்கக்கூடாது, பின்பக்கம் சுவரில் ஒட்டக்கூடாது. அண்ணன் எல்லாவற்றுக்கும் சரி லா, சரி லா என்று தலையாட்டினார். நான் போர்டில் வேகத்துக்குத் தாளம் போடும் கிரிஸ்டலை, தகர மூடி போட்ட சின்ன மாத்திரை மாதிரி இருக்கும் அதை, எடுத்துவிட்டு வேறொன்றைப் பற்றவைத்தேன். இருபத்துநாலு மெகாஹெர்ட்ஸ் போய் முப்பது வந்தது. போர்டு அதை மூன்றாக வகுத்துக்கொள்ளும், எட்டு பத்தாகிவிடும். வேறு எதையும் தொடத் தேவையில்லை. கடையில் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தோம். நடுவில் நிற்கவில்லை, உறையவில்லை, விரல் முட்டிக்கு முருகா முழுசாக வந்தது. கொடுத்து அனுப்பினோம்.

சார் அன்று வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், ஈப்போவிலேயே கணக்குப் பிசகாத ஜோசியர் இனிமேல் குமாரசாமிதான், ஏனென்றால் கணக்குப் போடுவது அவர் இல்லை, எங்கள் மெஷின் என்று. அவர் கேலிக்குச் சொன்னார். மாமி அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அடுத்த வாரமே என் ஜாதகக் குறிப்பையும் கௌரியின் குறிப்பையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டார்.

பத்துக்கு ஒன்பது பொருத்தம் வந்தது.

மாமி அந்தத் தாளை இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று கௌரி சொன்னாள். பிறகு ஒரு நாள் காலையில் என்னை வீட்டுக்கு வரச்சொல்லி, சாப்பிட வைத்து, நாள் குறித்துவிட்டதாகச் சொன்னார். என்னிடம் முதன்முதலாகச் சிரித்ததும் அன்றுதான். அழைப்பிதழ் அடித்தாயிற்று. சொந்தக்காரர் வீடு வீடாகப் போய், தோட்டத்துப் பையன்தான், ஆனால் ஒன்பது பொருத்தம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அந்த "ஆனால்" எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அப்போது தஞ்சோங் மாலிமிலிருந்து ஒருவர் ஜோசியரைத் தேடி வந்திருக்கிறார். அவருக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒருவனுக்குக் காலையில் ஜாதகம் அச்சடித்துக் கொடுத்தார்கள். தாள் தீர்ந்துபோய், இன்னொருவனுக்கு மத்தியானம் அடித்தார்கள். இரண்டுக்கும் நட்சத்திரம் வேறு, ராசி வேறு. கொஞ்ச நேர இடைவெளியில் பிறந்த பிள்ளைகள் எப்படி வேறு வேறு ராசிக்குப் போனார்கள் என்று அந்த மனிதர் கேட்டார். குமாரசாமி அண்ணன் முதலில் அது தெய்வ சித்தம் என்று சொல்லிப் பார்த்தார். மனிதர் நகரவில்லை. உடனே எங்களுக்குப் போன் வந்தது.

சாரும் நானும் போனோம். மாடி ஏறிப் பார்த்ததும் சார் வாசலிலேயே நின்றுவிட்டார். கம்ப்யூட்டர் சாமி அறையில் இருந்தது. பட்டுத்துணி போர்த்தி, மேலே மல்லிகைச் சரம் சுற்றி, முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சாம்பிராணிச் சட்டி. வேகமாக ஓட ஆரம்பித்த பிறகு அதன்மேல் மரியாதை கூடிவிட்டது என்று அண்ணன் விளக்கினார். சுவரோடு ஒட்டித்தான் வைத்திருந்தார், ஏனென்றால் கிழக்குப் பார்க்க வேண்டும்.

சார் நேராக மெஷினிடம் போனார். வயரைப் பிடுங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். நான் மூடியைத் திறந்தேன். உள்ளே விபூதி. காற்றுத் துவாரம் முழுக்கச் சாம்பிராணிப் புகை படிந்து பிசுக்கு. கணக்குச் சிப்பின் மேல் விரல் முட்டியை வைத்தேன், "மு" கூட முடியவில்லை.

சூடானால் கம்ப்யூட்டர் நின்றுபோகும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இது நிற்கவில்லை. ஓடிக்கொண்டே பொய் சொல்லியிருக்கிறது. பிராசசர் தாங்கிக்கொண்டது, அந்தப் பழைய கணக்குச் சிப் மட்டும் சூடு ஏறினால் கடைசி இலக்கங்களில் தடுமாறியது. தடுமாறின இலக்கம் அடுத்த கணக்குக்குள் போய்ப் பெரிதாகி, சந்திரன் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விடும்.

இதை நிரூபிக்காமல் சார் நம்பமாட்டார். பள்ளிக்கூடத்து லாக்ரிதம் அட்டவணையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கோணங்களின் மதிப்பைத் திரும்பத் திரும்பப் போடும்படி சின்ன புரோகிராம் ஒன்றைத் தட்டினார். விளக்கு, மாலை, பட்டு எல்லாவற்றையும் பழையபடி வைக்கச் சொன்னார். சாம்பிராணியும் போடச் சொன்னார். அண்ணனுக்குப் பரம சந்தோஷம். கொஞ்ச நேரம் எண்கள் அட்டவணையோடு சரியாகப் பொருந்தின. பிறகு கடைசி இலக்கம் நழுவியது, அதற்கு முந்தையதும் நழுவியது. சார் என்னைக் கீழே கோப்பிக்கடைக்கு அனுப்பினார். நான் ஐஸ்கட்டியைப் பிளாஸ்டிக் பையில் வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். அவர் தன் கைக்குட்டையில் பையைச் சுற்றி, ஈரம் போர்டில் சொட்டாமல், சிப்பின் மேல் பிடித்தார். அந்தக் கைக்குட்டையை அவர் அழுக்காக்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். திரையில் எண்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கையை எடுத்தார், நழுவின. வைத்தார், வந்தன.

அன்றே சரிசெய்தோம். பழைய ஆம்பிளிஃபயரிலிருந்து அறுத்த அலுமினியத் துண்டை அரம் போட்டுத் தேய்த்து, வெள்ளைப் பசை தடவிக் கணக்குச் சிப்பின் மேல் உட்கார வைத்தேன். கழித்துப்போட்ட ஃபோட்டோகாப்பி மெஷினின் சின்னக் காற்றாடியை அதற்கு நேராகக் கட்டினேன். கிரிஸ்டலும் பழையபடி இருபத்துநாலுக்குப் போயிற்று. சாமி அறையிலிருந்து கம்ப்யூட்டர் வெளியே வந்தது. பட்டுத்துணி பிரிண்டருக்குப் போயிற்று, பிரிண்டருக்கு அது ஒன்றும் செய்யாது.

கிளம்பலாம் என்று நான் பையைக் கட்டும்போதுதான் சார் மெஷின் முன்னால் நின்றபடியே என் பிறந்த தேதியைத் தட்டினார். அவருக்கு அது மனப்பாடம். பிறகு கௌரியுடையதை. நான் பையைக் கீழே வைத்துவிட்டேன். பிரிண்டர் கிர்ர் என்று இழுத்துத் தாளைத் தள்ளியது. முன்பு என் நட்சத்திரம் அவிட்டம் என்று வந்திருந்தது, இப்போது திருவோணம். கௌரி ரோகிணி. ஜோசியர் எட்டிப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்தார். இரண்டும் ஒரே ரஜ்ஜு, கல்யாணம் செய்யவே கூடாத பொருத்தம்.

நான் சொன்னேன், "சார், நான் ஒன்னும் செய்யல சார்."

கிரிஸ்டலை மாற்றியது நான், மெஷின் சொன்னது எனக்குச் சாதகமாக. ஊரில் யார் கேட்டாலும் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீர் செய்திருந்தால், காணும், பத்தும் வந்திருக்கும்," என்றார்.

குமாரசாமி அண்ணன் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திச் சொன்னார், "சார், பேசாம அத மறுபடி சூடாக்கிருவோம் லா."

சார் தாளைப் பிரிண்டரிலிருந்து கிழித்தெடுத்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டார். கிளம்பினோம். ஜாதகம் அவருக்குக் குப்பை. ஆனால் பிசகின கணக்கைச் சரியென்று சொல்லிக் கொடுப்பது அவரால் முடியாத காரியம். தன் கடை மெஷின் தப்பாகச் சொன்னதை நம்பி ஒருத்தி மகளைக் கொடுக்கிறாள், அந்த ஒருத்தி தன் மனைவி. என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கப் பயந்தேன். எந்தப் பதிலும் எனக்கு நல்லதாக இருக்காது என்று தோன்றியது. கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, நீரும் வாரும் என்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மாமி கூடத்தில் அழைப்பிதழ்களில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். கௌரி பள்ளிக்கூடத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். சார் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், கிரிஸ்டல், சாம்பிராணி, இரட்டைப் பிள்ளைகள், ஐஸ்கட்டி வரை. ஒன்றையும் விடவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. இரண்டாவது தாளை மேசையில் வைத்தார். நான் கதவோரம் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படியும் சீக்கிரம் போட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

மாமி தாளை எடுத்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். என்னைப் பார்த்தார், கௌரியைப் பார்த்தார். கௌரி சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை, பார்த்தாள்.

மாமி சாரிடம் கேட்டார், தான் பொருத்தம் கேட்கப் போன நேரம் அந்த மெஷின் சூடாக இருந்ததா என்று. ஆமாம், மத்தியானம், சூடாகத்தான் இருந்திருக்கும் என்றார் சார்.

"அப்ப அதுக்கு அந்த நேரம் பார்த்து ஏன் சூடு ஏறினது?"

சார் காற்றுத் துவாரத்தைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார். மாமி கையைக் காட்டி நிறுத்தினார். "நான் விளக்குக்கு முன்னால நிண்டு கேட்டனான். கேட்ட நேரத்தில வந்த வாக்குத்தான் வாக்கு. உங்கட மெஷினுக்குச் சூடு ஏத்தினதும் கிரகம்தான். ஐஸ் வைச்சு வாங்கின வாக்கு எனக்கு வேண்டாம்."

தாளை நாலாக மடித்து, மஞ்சள் கிண்ணத்துக்கு அடியில் வைத்துவிட்டு, அடுத்த அழைப்பிதழை எடுத்தார். அதற்குள் பாதி ஊருக்கு ஒன்பது பொருத்தம் என்று சொல்லியாயிற்று என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். மகளின் முகத்தைப் பார்த்ததும் காரணமாக இருக்கலாம். நான் கேட்டதில்லை. சார் வாழ்நாளில் முதல் முறையாக நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். செருப்பு போட வேண்டி வரவில்லை. மாமி என்னைப் பார்த்து, நின்றுகொண்டே இருந்தால் மஞ்சள் யார் தடவுவது என்று கேட்டார். நானும் உட்கார்ந்து தடவினேன்.

கல்யாணம் நடந்தது. குமாரசாமி அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதன்பிறகு எங்கள் கடையில் யாருக்குக் கிரிஸ்டல் மாற்றினாலும் காற்றாடி இல்லாமல் வெளியே விடுவதில்லை. மெஷினை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். சாமி அறை இருக்கிறதா என்றும் கேட்பேன்.

மறுவீட்டுக்குத் தோட்டத்துக்குப் போனோம். அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தது. சாப்பிட்டுக்கொண்டே கௌரி இந்தக் கதை முழுவதையும் அம்மாவுக்குச் சொன்னாள். இலக்கம் நழுவியது, நட்சத்திரம் மாறியது எல்லாம். அம்மா புரிந்த மாதிரியும் புரியாத மாதிரியும் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில், கொஞ்சம் நேரம் முன்னே பின்னே ஆனாலும் நட்சத்திரம் மாறிவிடுமா என்று கேட்டது. அவர் பிறந்த நேரம் சரியாக இரண்டு நட்சத்திரம் மாறும் ஓரத்தில் நிற்கிறது, அதனால் மாறும் என்றாள் கௌரி.

அம்மா கரண்டியைச் சட்டியில் வைத்தது.

"அன்னிக்கித் தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி லீவு. ரெண்டு நா கழிச்சுத்தான் வந்து இவன் பொறந்தத எழுதுனாரு. எந்நேரம் பொறந்துச்சின்னாரு. லயத்து வீடுங்கள்ல எவன்கிட்ட கடியாரம் இருந்துச்சி? சங்கு ஊதுன நேரம்னு சொன்னேன். காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்கு ஊதுன சங்கா, மத்தியானம் பால் கொண்டாரச் சொல்லி ஊதுன சங்கான்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல. அவரா ஒன்ன எழுதிக்கிட்டாரு," என்று சொல்லிவிட்டு, கௌரியின் தட்டில் இன்னொரு துண்டு கறியைப் போட்டது.